ஒரு வரில டிக் போட்டா எல்லா வரிலயும் விழுது: ஆக்சஸ் ஃபார்ம் கெட்டுப்போச்சா?

வாசகர் கேள்வி:

"வணக்கம் அக்கா. எங்க ஆபீஸ்ல சர்வீஸுக்கு வர்ற மெஷின் விவரம் எல்லாத்தையும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்ல (டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்) போட்டு வச்சிருக்கேன், நானே பாத்து பாத்து கத்துக்கிட்டு பண்ணது. லிஸ்ட் மாதிரி வரிசையா காட்டற ஃபார்ம்ல ஒரு வரில டிக் போட்டா எல்லா வரிலயும் டிக் விழுது. டியூ டேட் தாண்டினத மட்டும் சிவப்பா காட்ட கோட் எழுதினேன், மொத்த ஃபார்மும் சிவப்பாகுது, அடுத்த வரிய கிளிக் பண்ணா மொத்தமும் வெள்ளையாகுது. பிராண்ட் செலக்ட் பண்ணா அந்த பிராண்டோட மாடல் மட்டும் வர்ற காம்போ பாக்ஸ் (கீழ விரியற லிஸ்ட்) வச்சிருக்கேன், அது சில வரில காலியா இருக்கு, டேபிள்ல பாத்தா டேட்டா ஒழுங்கா இருக்கு. இன்னொரு ஃபார்ம், இன்னிக்கு வந்த ஜாப் மட்டும் காட்றது, அதுல புதுசா யாரும் சேர்க்கக்கூடாதுன்னு நிறுத்தி வச்சிருக்கேன், அத காலைல திறந்தா பாக்ஸ், லேபிள் எதுவுமே இல்லாம வெறும் பின்னணி மட்டும் வருது, மதியம் திறந்தா சரியா இருக்கு. ஒருத்தரோட கம்ப்யூட்டர்ல மட்டும் பட்டன் எதுவுமே வேல செய்யல. மூணு பேரு ஷேர் ஃபோல்டர்ல இருக்கற ஒரே ஃபைலத்தான் திறக்கறோம். ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு, ஆபீஸ அன்இன்ஸ்டால் பண்ணி திரும்ப போடுன்னு எல்லாரும் சொல்றாங்க. காம்பாக்ட் ரிப்பேர் பல தடவ பண்ணிட்டேன், ஒண்ணும் மாறல. என்ன பண்றது?"

பதில்:

வணக்கம் தம்பி. அன்இன்ஸ்டால் பண்ற யோசனைய மொதல்ல கைவிடுங்க, அதனால இதுல ஒண்ணு கூட சரியாகாது. நீங்க எழுதினத படிச்சவரைக்கும் உங்க ஃபைல் கெட்டுப்போனதுக்கு ஒரு அறிகுறியும் எனக்கு தெரியல. கரப்ட் ஆன ஃபைல் இப்படி ஒழுங்கா நடந்துக்காது, இன்னிக்கு ஒரு இடத்துல எர்ரர் வரும், நாளைக்கு வேற இடத்துல வரும், டிசைன் வியூக்கு போனாலே ஆக்சஸ் மூடிக்கும், லாங் டெக்ஸ்ட் ஃபீல்டுல சம்பந்தமே இல்லாத சீன எழுத்து மாதிரி வரும், சில ரெக்கார்டுல எல்லா கட்டத்துலயும் டெலிட்டட்னு நிக்கும், இல்லன்னா இந்த டேட்டாபேஸ் ஃபார்மேட்டே எனக்கு தெரியலன்னு சொல்லி திறக்கவே மாட்டேங்கும். உங்களோடது அப்படி இல்ல, ஒவ்வொரு பிரச்சனையும் அதே இடத்துல, அதே மாதிரி, செஞ்சா செஞ்சபடி திரும்ப வருது. அப்படின்னா ஆக்சஸ் தனக்கு சொன்னதத்தான் செய்யுது, நாம என்ன சொல்லி வச்சிருக்கோம்னு கண்டுபிடிக்கறதுதான் வேலை.

காம்பாக்ட் ரிப்பேர் ஏன் உதவலங்கறதும் இதனாலதான். அது ஃபைல புதுசா ஒரு காப்பியா எழுதி, அழிச்ச ரெக்கார்டோட இடத்த மீட்டு, இண்டெக்ஸ திரும்ப கட்டி வைக்கும், அவ்வளவுதான், நீங்க ஃபார்ம்ல வச்ச ப்ராப்பர்ட்டியோ எழுதின கோடோ தப்பா இருந்தா அத அது தொடவே தொடாது. அப்பப்போ பண்றது நல்ல பழக்கம்தான், ஆனா பண்றதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வச்சிக்கோங்க.

இப்ப டிக் விஷயத்துக்கு வரேன். நீங்க வச்சிருக்கற லிஸ்ட் ஃபார்முக்கு கன்டினியூஸ் ஃபார்ம்னு பேரு, அதுல முப்பது வரி தெரிஞ்சா முப்பது செக் பாக்ஸ் இருக்குன்னு கண்ணுக்கு தோணும், ஆனா உள்ள இருக்கறது ஒரே ஒரு செக் பாக்ஸ்தான். ஒரே ரப்பர் ஸ்டாம்ப்ப வரிக்கு வரி குத்திக்கிட்டே போற மாதிரி ஆக்சஸ் அந்த ஒரே கண்ட்ரோல ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் திரும்ப திரும்ப வரையுது, வரிக்கு வரி மாறறது டேபிள்லேர்ந்து வர்ற டேட்டா மட்டும்தான். உங்க செக் பாக்ஸோட கண்ட்ரோல் சோர்ஸ் காலியா இருக்கும், பாருங்க. அது எந்த ஃபீல்டோடயும் கட்டப்படாததால அதுக்குன்னு ஒரே ஒரு மதிப்புதான் இருக்க முடியும், அத மாத்தினா வரைஞ்ச எல்லா இடத்துலயும் மாறும். இது பக் இல்ல, கன்டினியூஸ் ஃபார்ம் வந்த நாள்லேர்ந்து இப்படித்தான்.

அப்ப டேபிள்ல ஒரு யெஸ் நோ ஃபீல்டு சேர்த்து அதோட கட்டிட்டா சரியாயிடுமான்னா, ஆயிடும், நீங்க ஒருத்தர் மட்டும் வேலை செஞ்சா. மூணு பேரு இருக்கீங்க, பிரிண்ட் எடுக்கறதுக்காக நீங்க நாலு ஜாப்ப டிக் பண்ணி வச்சா அது அடுத்தவர் ஸ்க்ரீன்லயும் டிக் ஆகி நிக்கும், அவர் அத எடுத்து விடுவார், உங்க பிரிண்ட்ல ரெண்டு ஜாப் காணாம போயிடும், அப்புறம் அதுக்கு ஒரு தேடல். "டெலிவரி ஆயிடுச்சு" மாதிரி ஜாப்போட உண்மையான நிலைய குறிக்கற டிக்னா மெயின் டேபிள்லயே ஃபீல்டா இருக்கணும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா இப்போதைக்கு செலக்ட் பண்றதுக்கான டிக்னா அவங்கவங்க கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபைல்ல (ஃபைல ரெண்டா பிரிச்சு ஆளுக்கொரு காப்பி குடுக்கறத கடைசில சொல்றேன்) ஒரு சின்ன டேபிள் வைங்க, ஜாப் நம்பர் ஒண்ணு, யெஸ் நோ ஒண்ணு, ரெண்டே ஃபீல்டு போதும், ஜாப் நம்பர பிரைமரி கீ (ஒரே நம்பர் ரெண்டு தடவ வரவிடாத அடையாளம்) ஆக்கிடுங்க. ஃபார்ம் திறக்கும்போது அந்த டேபிள காலி பண்ணி, லிஸ்ட்ல வரவேண்டிய ஜாப் நம்பர்கள ஒரு அப்பெண்ட் குவெரி (ரெக்கார்ட சேர்க்கற கட்டளை) மூலமா அதுல போட்டு, ஜாப் நம்பர வச்சு மெயின் டேபிளோட ஜாயின் பண்ணின, அதாவது இணைச்ச குவெரிய ஃபார்முக்கு ரெக்கார்ட் சோர்ஸா (டேட்டா வர்ற இடமா) குடுங்க. ரெண்டு பக்கமும் ஜாப் நம்பர் பிரைமரி கீயா இருந்தாத்தான் அந்த ஜாயின்ல எடிட் பண்ண விடும், அத மறந்துட்டு அப்புறம் டிக்கே விழமாட்டேங்குதுன்னு தேடாதீங்க.

சிவப்பு கலர் பிரச்சனையும் இதே கதைதான். நீங்க கோட ஆன் கரண்ட் ஈவன்ட்ல (ஒரு வரிக்கு போகும்போதெல்லாம் ஓடற இடம்) எழுதியிருப்பீங்க, டியூ டேட் தாண்டியிருந்தா பேக் கலர் சிவப்பு, இல்லன்னா வெள்ளை. நீங்க நிக்கற வரிய பாத்து அந்த கோட் முடிவெடுக்குது, ஆனா கலர மாத்தறது அந்த ஒரே கண்ட்ரோலோட கலர, அதனால தாண்டின வரில நின்னா மொத்தமும் சிவப்பு, தாண்டாத வரில நின்னா மொத்தமும் வெள்ளை. விசிபிள், எனேபிள்டு, ஃபோர் கலர்னு எந்த ப்ராப்பர்ட்டிய அங்க கோட்ல மாத்தினாலும் இதேதான் நடக்கும்.

அந்த கோட முழுசா தூக்கிட்டு கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போடுங்க. முழுசா தூக்கணும், ஏன்னா நெறைய பேரு புதுச சேர்த்துட்டு பழைய கோட அப்படியே விட்டுடறாங்க, அப்புறம் ரெண்டும் சண்ட போட்டுக்கிட்டு கலர் மாறி மாறி மின்னுது. டிசைன் வியூல டெக்ஸ்ட் பாக்ஸ செலக்ட் பண்ணி ஃபார்மேட் டேப்ல போனா கண்டிஷனல் ஃபார்மேட்டிங் இருக்கும், புது ரூல்ல "எக்ஸ்பிரஷன் ஈஸ்"ன்னு எடுத்து, டியூ டேட் இன்னிக்கு தேதிய விட கம்மி, டெலிவரி டேட் இன்னும் போடாம காலியா (நல், Null) இருக்கு, இந்த ரெண்டையும் அண்ட் போட்டு சேர்த்து எழுதுங்க. இன்னிக்கு தேதிக்கு டேட் ஃபங்ஷன போடுங்க, நவ் போடாதீங்க. ஆக்சஸ் தேதிய உள்ளுக்குள்ள ஒரு எண்ணாத்தான் வச்சிக்குது, முழு எண் நாளுக்கு, புள்ளிக்கு அப்புறம் இருக்கறது நேரத்துக்கு. நீங்க நேரம் போடாம வெறும் தேதி போட்டா அது ராத்திரி 12 மணின்னு அர்த்தம், நவ் கூட ஒப்பிட்டா இன்னிக்கு டியூ ஆகற ஜாப் இன்னிக்கு காலைலயே சிவப்பாயிடும்.

எத்தனை ரூல் போடலாம்னு கேட்டா, ஆக்சஸ் 2007 வரைக்கும் ஒரு கண்ட்ரோலுக்கு 3 கண்டிஷன்தான், 2010லேர்ந்து 50 வரைக்கும் விடுது. டெக்ஸ்ட் பாக்ஸுக்கும் காம்போ பாக்ஸுக்கும்தான் இது கிடைக்கும், லேபிளுக்கும் செக் பாக்ஸுக்கும் கிடையாது. முழு வரியும் சிவப்பாகணும்னா டீட்டெயில் பகுதி (வரிகள் வர்ற நடுப்பகுதி) அகலத்துக்கு ஒரு காலி டெக்ஸ்ட் பாக்ஸ் வச்சு, எல்லாத்துக்கும் பின்னாடி அனுப்பி, எனேபிள்டு நோ, லாக்டு யெஸ் வச்சிடுங்க, ரூல அதுக்கு குடுங்க, மேல இருக்கற பாக்ஸ்களோட பேக் ஸ்டைல ட்ரான்ஸ்பேரன்ட் ஆக்குங்க. இன்னொண்ணு, அந்த ரூலுக்குள்ள டிலுக்கப், டிகவுன்ட் மாதிரி ஃபங்ஷன் எதையும் போட்டுடாதீங்க, ஒவ்வொரு வரிய வரையும்போதும் டேபிளுக்கு போய் வரும், ஸ்க்ரால் பண்ணா ஃபார்ம் துடிக்க ஆரம்பிச்சிடும், அப்புறம் கிராஃபிக்ஸ் கார்டு மேல பழி விழும். வேற டேபிள்லேர்ந்து ஏதாவது தேவன்னா ரெக்கார்ட் சோர்ஸ் குவெரிலயே ஜாயின் பண்ணி எடுத்துக்கோங்க.

காம்போ பாக்ஸ்தான் உங்க கேள்விலயே எனக்கு முக்கியமா படறது, ஏன்னா இத பாத்து பயந்து டேட்டா போயிடுச்சுன்னு நெனச்சு காலியா தெரியற வரில எல்லாம் திரும்ப மாடல செலக்ட் பண்ணி வச்சவங்கள எனக்கு தெரியும், சரியா இருந்த டேட்டாவ தப்பா மாத்தி வச்சிட்டாங்க. நீங்க டேபிள திறந்து பாத்தீங்க பாருங்க, அது ரொம்ப நல்ல காரியம். எப்பவும் ஸ்க்ரீன்ல ஏதாவது விசித்திரமா தெரிஞ்சா ஃபார்ம விட்டுட்டு மொதல்ல டேபிள நேரா திறந்து பாருங்க, அங்க சரியா இருந்தா டேட்டா பத்திரமா இருக்கு, பிரச்சன காட்டற இடத்துல.

என்ன நடக்குதுன்னா, மாடல் காம்போ பாக்ஸும் ஒண்ணே ஒண்ணுதான், அதனால அதோட லிஸ்ட்டும் ஒண்ணே ஒண்ணுதான். நீங்க நிக்கற வரில இருக்கற பிராண்டுக்கு ஏத்த மாதிரி ரோ சோர்ஸ (லிஸ்ட்டுக்கு டேட்டா வர்ற இடம்) ஃபில்டர் பண்ணதும் அந்த பிராண்டோட மாடல் மட்டும்தான் லிஸ்ட்ல இருக்கும். வேற பிராண்ட் இருக்கற வரிய வரையும்போது ஆக்சஸ் மாடல் ஐடிய எடுத்துக்கிட்டு லிஸ்ட்ல தேடுது, கிடைக்கல. ஐடி இருக்கற காலத்தோட அகலத்த நீங்க 0 வச்சு மறைச்சிருப்பீங்க, பேர் மட்டும் தெரியட்டும்னு எல்லாரும் அப்படித்தான் வைப்போம், அதனால பேரும் கிடைக்கல, ஐடியும் காட்டக்கூடாது, வேற வழி இல்லாம காலியா விடுது. நம்பிக்க இல்லன்னா காலம் விட்த்ஸ்ல அந்த 0வ கொஞ்ச நேரத்துக்கு எடுத்துட்டு பாருங்க, காலியா இருந்த எடத்துல எல்லாம் ஐடி நம்பர் எட்டிப்பாக்கும்.

இதுக்கு ரெண்டு வழி பரவலா சொல்லுவாங்க. ஒண்ணு, லிஸ்ட்ல எல்லா மாடலும் இருக்கட்டும், காம்போக்குள்ள நுழையும்போது ஆன் என்டர்ல ஃபில்டர் பண்ணிட்டு, வெளிய வரும்போது ஆன் எக்ஸிட்ல திரும்ப முழு லிஸ்ட் வைக்கறது. சின்ன வேலை, ஆனா நீங்க உள்ள இருக்கற அந்த நேரம் மத்த வரி எல்லாம் காலியா தெரிஞ்சிட்டு திரும்ப வரும், பாக்கறவங்களுக்கு அது இன்னும் குழப்பம். நான் சொல்றது ரெண்டாவது வழி. ரெக்கார்ட் சோர்ஸ் குவெரில மாடல் டேபிளையும் சேர்த்து மாடல் பேர எடுத்துக்கோங்க, அந்த பேர காட்டற ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ காம்போவோட எழுத்து வர்ற பகுதி மேல சரியா மூடற மாதிரி வைங்க, அம்புக்குறி மட்டும் வெளிய தெரியட்டும். யாராவது அந்த டெக்ஸ்ட் பாக்ஸ கிளிக் பண்ணா அதோட ஆன் காட் ஃபோகஸ்ல ஃபோகஸ காம்போக்கு தள்ளி விடுங்க, ஃபோகஸ் இருக்கற கண்ட்ரோல் தானா மேல வந்துடும், நிக்கற வரில காம்போவும் மத்த வரில பேரும் தெரியும், எங்கயும் காலி இருக்காது. ஆன் கரண்ட்லயும், பிராண்ட் காம்போவோட ஆஃப்டர் அப்டேட்லயும் மாடல் காம்போவ ரீகுவெரி பண்ணணும் (லிஸ்ட்ட புதுசா எடுக்க வைக்கணும்), பிராண்ட மாத்தினதும் பழைய மாடல காலி (நல்) ஆக்கிடணும், இல்லன்னா ஒரு பிராண்ட் பேர்ல இன்னொரு பிராண்டோட மாடல் உக்காந்திருக்கும்.

இதுல ரெண்டு இடத்துல கவனம் வேணும். ஜாயின லெஃப்ட் ஜாயினா வைங்க, எல்லா ஜாப்பும் வரணும், மாடல் இருந்தா சேர்ந்து வரட்டும்னு. சாதா ஜாயின் வச்சா மாடல் இன்னும் போடாத ஜாப் எல்லாம் லிஸ்ட்லேர்ந்தே காணாம போயிடும், அடுத்த லெட்டர் அதுக்காக எழுதுவீங்க. அதவிட பெருசு, அந்த டெக்ஸ்ட் பாக்ஸுக்கு லாக்டு யெஸ் வச்சே ஆகணும். அது காட்டறது மாடல் டேபிள்ல இருக்கற பேர், லாக் பண்ணாம விட்டா யாரோ ஒருத்தர் இந்த ஜாப்போட மாடல திருத்தறோம்னு நெனச்சு அதுல டைப் பண்ணுவாங்க, மாறறது மாஸ்டர் டேபிள்ல இருக்கற பேரு, அந்த மாடல் வச்ச எல்லா பழைய ஜாப்லயும் ஒரே அடியா பேரு மாறிடும். எர்ரர் எதுவும் வராது, யாருக்கும் தெரியக்கூட தெரியாது, அதனாலதான் இத இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

காலைல காலியா வர்ற ஃபார்ம். நீங்க எழுதினதுல மதியம் சரியா இருக்குன்னு ஒரு வார்த்த இருக்கு, புதுசா சேர்க்க முடியாம நிறுத்தி வச்சிருக்கேன்னு இன்னொண்ணு இருக்கு, ரெண்டையும் சேர்த்து பாருங்க. ஃபார்ம்ல காட்ட ஒரு ரெக்கார்ட் கூட இல்ல, புது ரெக்கார்டும் சேர்க்க விடலன்னா ஆக்சஸ் டீட்டெயில் பகுதில எதையும் வரையறதில்ல, டெக்ஸ்ட் பாக்ஸ் மட்டுமில்ல, அந்த பகுதில இருக்கற லேபிள், பட்டன் கூட வராது, ஹெட்டர் ஃபுட்டர் மட்டும் நிக்கும், அங்க கூட்டுத்தொகை காட்டற பாக்ஸ் ஏதாவது இருந்தா அதுல எர்ரர் கூட வரலாம். காலைல மொத மெஷின் பதியற வரைக்கும் "இன்னிக்கு வந்த ஜாப்" பூஜ்யம்தான். மதியத்துக்குள்ள நாலு பதிஞ்சிருப்பீங்க, ஃபார்ம் வந்துடுது. சோதிச்சு பாக்கறது சுலபம், நாளைக்கு காலைல காலியா வரும்போது அந்த குவெரிய தனியா திறந்து பாருங்க, ரெக்கார்ட் இல்லாம இருக்கும். அப்புறம் ப்ராப்பர்ட்டி ஷீட்ல அலோ அடிஷன்ஸ யெஸ் ஆக்கி ஃபார்ம திறங்க, ஒரு காலி வரியோட பாக்ஸ் எல்லாம் வந்து நிக்கும்.

அலோ அடிஷன்ஸ நிரந்தரமா யெஸ் ஆக்கணும்னு சொல்லல, நீங்க நிறுத்தி வச்சதுக்கு காரணம் இருக்கு. ஃபார்ம் ஹெட்டர்ல ஒரு லேபிள் வைங்க, "இன்னிக்கு இன்னும் ஜாப் பதியல"ன்னு, ஆன் லோட்ல ரெக்கார்ட்செட் குளோன்ல (ஃபார்ம்ல இருக்கற ரெக்கார்டுகளோட நகல்) ரெக்கார்ட் கவுன்ட் பூஜ்யமா இருந்தா அத காட்டுங்க, இல்லன்னா மறைங்க. ஹெட்டர்ல இருக்கறது ஒரு தடவதான் வரையப்படும், அதனால அங்க விசிபிள கோட்ல மாத்தறதுல பிரச்சன இல்ல. காலைல உக்காந்து காலி ஸ்க்ரீன பாத்து பதறறவங்களுக்கு அந்த ஒரு வரி பெரிய நிம்மதி.

அந்த குவெரில தேதி கண்டிஷன் எப்படி எழுதியிருக்கீங்கன்னும் பாத்துக்கோங்க. ஜாப் பதியற ஃபீல்டுக்கு டீஃபால்ட் வேல்யூ நவ்னு இருந்து, கண்டிஷன்ல டேட்டுக்கு சமம்னு போட்டிருந்தா நேரம் ஒட்டிக்கிட்டு இருக்கறதால எந்த ரெக்கார்டும் பொருந்தாது, நாள் முழுக்க காலிதான். உங்களுக்கு மதியம் வருதுங்கறதால இப்ப அது இல்ல, ஆனா யாராவது பின்னாடி டீஃபால்ட்ட மாத்தினா வரும். இன்னிக்கு தேதிக்கு சமமாவோ மேலயோ, நாளைக்கு தேதிக்கு கீழ, அப்படின்னு எழுதினா ரெண்டுக்கும் பொருந்தும்.

மெயின் லிஸ்ட் ஃபார்மும் என்னிக்காவது காலியா வந்தா, அல்லது பாதி ஜாப் காணாம போனா, கீழ ரெக்கார்ட் நம்பர் காட்டற பட்டைல "ஃபில்டர்டு"ன்னு இருக்கான்னு பாருங்க. யாரோ ஃபில்டர் போட்டு பாத்துட்டு டிசைன சேவ் பண்ணிட்டா அந்த ஃபில்டர் ஃபார்மோடயே ஒட்டிக்கும், ஃபில்டர் ஆன் லோட் யெஸ்னு இருந்தா அடுத்த தடவ திறக்கும்போது தானா வேலை செய்யும். டேட்டா என்ட்ரிங்கற ப்ராப்பர்ட்டி யெஸ் ஆயிருந்தாலும் பழைய ரெக்கார்ட் எதுவும் தெரியாது, புதுசு போட மட்டும் விடும், பேர பாத்துட்டு டேட்டா போடற ஃபார்ம்தானேன்னு யெஸ் வச்சவங்க நெறைய.

பட்டன் வேல செய்யாத கம்ப்யூட்டருக்கு பெரிய காரணம் தேட வேணாம். அந்த மெஷின்ல ஃபைல திறந்ததும் மேல ஒரு மஞ்சள் பட்டை வந்திருக்கும், யாரோ மூடி விட்டிருப்பாங்க, மேக்ரோவும் கோடும் நிறுத்தப்பட்ட நிலையில ஃபைல் திறந்திருக்கும், பட்டன அழுத்தினா அமைதியா இருக்கும். ஆப்ஷன்ஸ்ல ட்ரஸ்ட் சென்டர் போய் ஃபைல் இருக்கற ஃபோல்டர ட்ரஸ்டட் லொகேஷனா சேருங்க, நெட்வொர்க் ஃபோல்டர்னா அதுக்கு தனியா ஒரு டிக் இருக்கு, அதையும் போடணும். ட்ரஸ்டட் பண்றதுன்னா அந்த ஃபோல்டர்ல எந்த ஃபைல திறந்தாலும் அதோட கோட் கேள்வி கேக்காம ஓடும், அதனால டவுன்லோட்ஸ் மாதிரி கண்டதும் வந்து விழற ஃபோல்டர சேர்க்காதீங்க. அதுக்கு அப்புறமும் அடம் பிடிச்சா, ஆல்ட் எஃப் 11 அடிச்சு கோட் விண்டோல டூல்ஸ், ரெஃபரன்சஸ் போய் "மிஸ்ஸிங்"னு எந்த வரியாவது ஆரம்பிக்குதான்னு பாருங்க. அந்த மெஷின்ல இல்லாத ஒரு லைப்ரரிய ஃபைல் தேடிக்கிட்டு இருந்தா லெஃப்ட், டேட் மாதிரி சாதாரண ஃபங்ஷன் கூட வேலை செய்யாம பாக்ஸ்ல எல்லாம் நேம் எர்ரர் வரும்.

நீங்க கேக்காத ஒண்ணு சொல்றேன். இப்ப வரைக்கும் கரப்ட் ஆகல, ஆனா மூணு பேரும் ஒரே ஃபைல நெட்வொர்க்லேர்ந்து திறந்து அதுலயே டிசைனும் மாத்திக்கிட்டு இருந்தீங்கன்னா ஒரு நாள் நெஜமாவே ஆகும், முக்கியமா யாராவது வைஃபைல இருந்தா, எழுதிக்கிட்டு இருக்கும்போது கனெக்ஷன் ஒரு நொடி விட்டா போதும். எனக்கு உங்க கேள்விலயே கவலையா இருந்தது அந்த ஒரு வரிதான். டேட்டாபேஸ் டூல்ஸ் டேப்ல ஆக்சஸ் டேட்டாபேஸ்னு ஒரு பட்டன் இருக்கு, ஃபைல ரெண்டா பிரிச்சு குடுக்கும். டேபிள் மட்டும் இருக்கற பின்பக்க ஃபைல் ஷேர் ஃபோல்டர்ல இருக்கட்டும், ஃபார்ம், குவெரி, கோட் இருக்கற முன்பக்க ஃபைல மூணு பேருக்கும் அவங்கவங்க மெஷின்ல ஒரு காப்பி குடுத்துடுங்க. மேல சொன்ன செலக்ட் டிக் டேபிளும் அந்த முன்பக்க ஃபைல்லதான் இருக்கணும், பிரிக்காம அந்த வழிய செய்யவே முடியாது. ஷேர் ஃபோல்டர்ல மூணு பேருக்கும் படிக்க மட்டுமில்லாம எழுத, புது ஃபைல் உருவாக்க, அழிக்க பர்மிஷன் வேணும், ஏன்னா யாரு உள்ள இருக்காங்கன்னு குறிச்சு வைக்கற லாக் ஃபைல ஆக்சஸ் அங்கதான் உருவாக்குது. பிரிச்சதுக்கு அப்புறம் டிசைன் மாத்தறதெல்லாம் உங்க மெஷின்ல ஒரு காப்பில பண்ணி சோதிச்சிட்டு மத்தவங்களுக்கு புது காப்பி குடுங்க.

அதனால வரிசை இப்படி இருக்கட்டும். மொதல்ல எல்லாரையும் வெளிய வரச்சொல்லி ஃபைல காப்பி எடுத்துட்டு பிரிங்க, அப்புறம் சிவப்பு கோட தூக்கிட்டு ரூல் போடுங்க, அது ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும், காம்போவ கொஞ்சம் பொறுமையா பண்ணுங்க. ஒண்ண மாத்தினதும் திறந்து பாத்துட்டு அடுத்ததுக்கு போங்க, எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா எது எத சரி பண்ணுச்சுன்னே தெரியாது. காம்போ அதுக்கு அப்புறமும் ஒத்துக்கலன்னா ஃபார்மோட ரெக்கார்ட் சோர்ஸ், காம்போவோட ரோ சோர்ஸ், பவுண்ட் காலம், காலம் விட்த்ஸ், இந்த நாலையும் அப்படியே காப்பி பண்ணி எழுதுங்க தம்பி, ஸ்க்ரீன்ஷாட்ட விட எனக்கு அதுதான் உதவும், கஸ்டமர் பேரு நம்பர் எதுவும் அதுல வராம பாத்துக்கோங்க.